மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும்: பசிபிக் போர்ப் பலகையில் சமநிலை எங்கே இருக்கிறது?

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை பின்னேரங்களில் மின்விசிறியை நிறுத்திவிடுவோம். புழுக்கம் தாங்க முடியாதுதான். ஆனால் விசிறி சுழன்றால் விளையாட்டுக் காசு முழுவதும் முற்றத்துக்குப் பறந்துவிடும். இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு அவற்றின்மேல் பசிபிக் சமுத்திரத்தை விரிக்கிறோம். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர் தூக்கிவந்த பெட்டி அது. இரண்டாம் உலகப் போரைப் பலகையில் ஆடும் அக்சிஸ் அண்ட் அலைஸ் விளையாட்டு வரிசையில் வந்த பசிபிக் 1940. தொலைந்துபோன நாசகாரிக் கப்பல்களுக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகள் நிற்கின்றன.

விளையாடத் தொடங்கிய முதல் சில மாதங்களில் ஒவ்வோர் ஆட்டமும் ஒரே முறைப்பாட்டுடன்தான் முடிந்தது. ஜப்பானாக ஆடித் தோற்றவர், இது நியாயமான ஆட்டமே இல்லை என்றார். ஜப்பானிடம் தோற்றவரும் அதையேதான் சொன்னார். இருவரும் பார்த்தது ஒரே பலகையை. ஒருவருடைய நினைவில் மூன்றாம் சுற்று இருந்தது. மற்றவருடைய நினைவில் எட்டாம் சுற்று இருந்தது. பசிபிக் போரைப் பலகையில் ஆடும் எல்லா விளையாட்டுகளுக்கும் உள்ள சிக்கல் இந்த இரண்டு சுற்றுகளுக்கும் இடையில்தான் இருக்கிறது.

நம்மவர்களுக்கு இதை விளங்கப்படுத்த நீண்ட முன்னுரை தேவையில்லை. ஆடு புலி ஆட்டம் என்றும் நாயும் புலியும் என்றும் பல பெயர்களில் நாம் ஆடியதுதான். திண்ணையில் கரிக்கோடு கீறி, 3 புலிகளை வைத்து, 15 ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்குவோம். தொடக்கத்தில் புலியின் பாடு கொண்டாட்டம். வெற்றிடங்கள் நிறைய உண்டு, தனியாக நிற்கும் ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடுகள் இறங்க இறங்கக் கட்டங்கள் அடைபடும். கடைசி ஆடு இறங்கும்போது புலி போதிய அளவு வெட்டியிருக்காவிட்டால், அதற்குப் பின்னர் அசையவும் இடமிராது. இரு பக்கத்துக்கும் காய் எண்ணிக்கை ஒன்றல்ல, நகரும் முறை ஒன்றல்ல, வெற்றியின் இலக்கணமும் ஒன்றல்ல. ஆனாலும் அது சமமான ஆட்டம். புலிக்கு நேரம் குறைவு. ஆட்டுக்குத் தொடக்கத்தில் பலம் குறைவு. இந்த இரண்டு குறைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன.

பசிபிக் போரில் ஜப்பான்தான் புலி. ஆனால் உண்மையான போரில் ஆடுகளுக்குத் தொகை வரம்பு இருக்கவில்லை. அமெரிக்காவின் இரு சமுத்திரக் கடற்படைச் சட்டம் 1940 ஜூலையிலேயே கையொப்பமாகிவிட்டது. பேர்ள் துறைமுகத்தில் குண்டு விழுவதற்கு ஏறத்தாழ 17 மாதங்களுக்கு முன்னரே, பின்னாளில் ஜப்பானைத் தோற்கடித்த கப்பல்களுக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. எசெக்ஸ் வகுப்பு விமானந்தாங்கிக் கப்பல்களில் முதலாவது 1942 டிசெம்பர் 31ஆம் திகதி கடற்படையில் சேர்ந்தது. அந்த வகுப்பில் மொத்தம் 24 கப்பல்கள் கட்டி முடிக்கப்பட்டன. காசாபிளாங்கா வகுப்புச் சிறிய விமானந்தாங்கிகள் 50, ஏறத்தாழ ஒரே வருடத்தில் கடலில் இறங்கின. ஜப்பானியக் கடற்படைத் தளபதி அட்மிரல் யமமோட்டோ இந்தக் கணக்கை அறிந்தே இருந்தார். ஆறு மாதமோ ஒரு வருடமோ தாக்குப்பிடித்துத் தாண்டவமாடலாம், அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது என்ற கருத்தைப் போருக்கு முன்னரே பிரதமரிடம் தெரிவித்திருந்தார். 1941 டிசெம்பர் 7 முதல், ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்த 1942 ஜூன் 4ஆம் திகதி மிட்வே சண்டை வரை எண்ணிப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மூன்று நாள் குறைவு.

இந்தக் கணக்கை அப்படியே பலகையில் இறக்கினால் ஜப்பானாக உட்கார எவரும் முன்வரமாட்டார்கள். எனவே விளையாட்டை வடிவமைப்பவர் வெற்றி என்ற சொல்லின் பொருளை மாற்ற வேண்டியிருக்கிறது. என் பார்வையில் பசிபிக் போர் விளையாட்டின் உயிர் இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. படைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் குறைப்பதும் இரண்டாம் பட்சம்.

அக்சிஸ் அண்ட் அலைஸ் வரிசையை வடிவமைத்த லாரி ஹாரிஸ் இதற்கு இரண்டு விடைகளை முயன்று பார்த்திருக்கிறார். 2001இல் வந்த பழைய பசிபிக் விளையாட்டில் ஜப்பான் ஒவ்வொரு சுற்றிலும் தன் வருமானத்துக்கேற்ப வெற்றிப்புள்ளி சேர்க்கும்; 22 புள்ளி சேர்ந்தால் ஆட்டம் முடிந்தது. பேரரசு சுருங்கிக்கொண்டிருக்கும்போதே ஜப்பான் வெல்லலாம், வேகமாகச் சுருங்காமல் இருந்தால் போதும். 2009 இறுதியில் வந்த பசிபிக் 1940இல் அவர் நகரங்களுக்கு மாறினார். டோக்கியோ, ஷங்காய், ஹொங்கொங், மணிலா, கல்கத்தா, சிட்னி, ஹொனலூலு, சான் பிரான்சிஸ்கோ என்ற 8 வெற்றி நகரங்களில் 6ஐ ஒரு முழுச் சுற்று வைத்திருந்தால் ஜப்பானுக்கு வெற்றி. நேச நாடுகளோ டோக்கியோவையே பிடித்தாக வேண்டும். மார்க் ஹேர்மன் வடிவமைத்து 2005இல் வெளிவந்த எம்பயர் ஒஃப் த சன் என்ற விளையாட்டு வேறு வழியில் போகிறது. அதில் அமெரிக்க மக்களின் போர் மனவுறுதிக்கு ஓர் அளவுகோல் உண்டு. அது பூச்சியத்துக்கு இறங்கினால் அமெரிக்கா பேச்சுவார்த்தைக்கு வருகிறது, ஜப்பான் வெல்கிறது. டோக்கியோவின் தலைவர்கள் உண்மையில் நம்பியிருந்ததும் இதைத்தான். ஆகவே மூன்றிலும் வரலாற்றுக்கு மிக அருகில் நிற்பது ஹேர்மனுடைய விடை என்று நான் எண்ணுகிறேன். ஆனால் அதன் விதிகளைக் கற்றுத் தேறவே பல வார இறுதிகள் வேண்டும். சனிக்கிழமைப் பின்னேரத்தில் விதி படித்து ஆட்டமும் ஆடி முடிக்க விரும்புபவர்களுக்கு ஹாரிஸ்தான் கதி.

பசிபிக் 1940இன் தொடக்க நிலையைப் பார்த்தால் புதிதாக ஆடுபவர்கள் திடுக்கிடுவார்கள். முதற் சுற்றில் ஜப்பானின் வருமானம் விளையாட்டுக் காசில் 26 அலகுகள்; அமெரிக்காவின் வருமானம் 17. உலகின் மிகப் பெரிய தொழில் நாடு ஜப்பானைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறது! காரணம் எளிது. அமெரிக்கா இன்னும் போருக்கு வரவில்லை. போர் மூண்டதும் போர்க்கால உற்பத்தி என்று ஒரு பெருந்தொகை சேரும். வருமானம் ஒரேயடியாக இரண்டரை மடங்கைத் தாண்டிவிடும். ஜப்பான் தாக்காவிட்டாலும் மூன்றாம் சுற்றின் முடிவில் அமெரிக்கா தானாகவே போர்ப் பிரகடனம் செய்யலாம்.

அப்படியானால் ஜப்பான் எப்போது தாக்குவது? ஆட்டத்தின் முதற் கேள்வி இதுதான். இதற்கு விடை சொல்லாமல் ஒரு காயையும் நகர்த்த முடியாது. அமைதியாக இருக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஜப்பானுக்கு 10 அலகு கூடுதலாகக் கிடைக்கிறது. அமெரிக்காவுடனான வர்த்தகத்தின் விலை அது. 1941 ஓகஸ்ட்டில் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தும்வரை ஜப்பானின் எண்ணெயில் பெரும்பகுதி அங்கிருந்தே வந்தது என்ற உண்மையை விளையாட்டு இந்த 10க்குள் அடக்கியிருக்கிறது. இரண்டு சுற்றுப் பொறுத்தால் 20 அலகு; விமானந்தாங்கி ஒன்றை 16க்கு வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். ஆனால் அதே இரண்டு சுற்றுகளில் பிரித்தானியர் கல்கத்தாவில் காலாட்படையை அடுக்கிவிடுவார்கள். முதற் சுற்றிலேயே பாய்ந்தால் சிதறி நிற்கும் எதிரிக் கப்பல்களைத் துறைமுகங்களிலேயே மூழ்கடிக்கலாம். ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் பூட்டைத் திறந்துவிட்டவரும் நீங்களே. எங்கள் விறாந்தையில் அவசரக்காரர்கள் முதற் சுற்றிலும் கணக்குப் பார்ப்பவர்கள் மூன்றாம் சுற்றிலும் தாக்குகிறார்கள். இரண்டாம் சுற்றுத் தாக்குதலே சிறந்தது என்பது என் கட்சி. அப்போதைக்குப் படகுகளும் படைகளும் தெற்கே வந்து சேர்ந்திருக்கும். கல்கத்தா இன்னும் கோட்டையாகியிருக்காது.

தெற்கே போவதன் காரணம் காசு. சுமாத்திரா, ஜாவா, போர்னியோ ஆகியவற்றுக்குத் தலா 4, செலிபிஸுக்கு 3, ஆக 15 அலகு. நான்கும் ஜப்பானின் கையில் இருந்தால் மேலும் 5. ஒரு சுற்றில் 20 அலகு வருமானம் இந்த நான்கு தீவுகளில் கிடக்கிறது. அவற்றுக்குப் போகும் வழியில் மலாயா இருக்கிறது. அதன் மதிப்பு 3.

அந்த 3 என்ற இலக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கை சற்றுத் தயங்கும். என் பூட்டன் மலாயா ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்தவர். யாழ்ப்பாணத்தில் மலாயன் பென்ஷனியர் என்று சொன்னால் ஒரு தலைமுறைக்கே முகவரி தெரியும். மலாயாவிலிருந்து வந்த மணியோடர்களால் எழும்பிய கல்வீடுகள் இன்றும் எங்கள் ஒழுங்கைகளில் நிற்கின்றன. 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. கடிதமும் நின்றது, காசும் நின்றது. மூன்றரை வருடம் அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் பூட்டி விளக்கேற்றிக்கொண்டிருந்தார் என்று அம்மம்மா சொல்வார். அவர் திரும்பி வந்தபோது கொண்டுவந்தவற்றில் ஒன்று ஜப்பானிய நிர்வாகம் அச்சடித்த 10 டொலர் தாள். வாழைமரப் படம் போட்டது. அதனாலேயே அந்தக் காசு முழுவதையும் மக்கள் வாழைமரக் காசு என்றார்கள். 1945 ஓகஸ்ட்டுக்குப் பின்னர் அதற்கு ஒரு சதத்தின் பெறுமதியும் இருக்கவில்லை. பழுப்பேறிய அந்தத் தாளை மைத்துனர் ஒருநாள் விளையாட்டுக் காசுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே தடிப்பு.

மீண்டும் பலகைக்கு வருவோம். ஷங்காயும் டோக்கியோவும் தொடக்கத்திலேயே ஜப்பானுடையவை. ஹொங்கொங்கும் மணிலாவும் விரைவில் விழும். ஆக நான்கு. மீதி இரண்டை எங்கே எடுப்பது? சான் பிரான்சிஸ்கோ எட்டாக் கனி. கல்கத்தா, சிட்னி, ஹொனலூலு ஆகிய மூன்றில் இரண்டு வேண்டும். ஆட்டம் முழுவதும் இந்த மூன்றுக்கும் இடையிலான இழுபறிதான். கல்கத்தா பிரித்தானியரின் தலைநகர். அது விழுந்தால் அவர்கள் கையிருப்புக் காசும் ஜப்பானுக்குப் போகும், பர்மாவைப் பார்த்திருக்க வேண்டிய படைகளும் விடுபடும். அதற்குப் பின்னர் கரோலின் தீவுகளில் ஜப்பானின் பெருங்கடற்படை நங்கூரமிட்டு நின்றால் அது சிட்னியையும் ஹவாயையும் ஒரே நேரத்தில் மிரட்டும். அமெரிக்கர் ஒன்றைக் காக்கப் போனால் மற்றது வெறுமையாகும்.

ஆகவே நேச நாடுகளாக ஆடுபவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: கல்கத்தாவில் கப்பல் வாங்காதீர்கள். 3 அலகுக் காலாட்படையை வாங்கிக் குவியுங்கள். தற்காப்பில் காலாட்படை 2 அல்லது அதற்குக் குறைந்த எண் விழுந்தால் அடிக்கும். 12 பேர் நின்றால் ஒரு முறைக்குச் சராசரி 4 அடி. கடல் கடந்து வரும் ஜப்பானியரால் அந்த இழப்பைத் தாங்க முடியாது, ஏனென்றால் அவர்களுடைய ஒவ்வொரு படைவீரனும் 7 அலகு பெறுமதியான படகில் ஏறி வந்தவன். போன மாதம் எங்கள் மேசையில் ஜப்பான் வைத்திருந்த பெருந்தாக்குதல் இப்படித்தான் உடைந்தது. விமானங்களில் பாதி போயிருந்தன. கல்கத்தாவில் கடைசியாக இரண்டு காலாட்படைகள் நின்றன. அவற்றுக்காக உருட்டிய இரண்டு பகடைகளிலும் ஒன்று விழுந்தது. ஜப்பானாக ஆடிய தம்பி எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தான்.

கடலில் எதை வாங்குவது என்பதில் பலரும் ஏமாறுகிறார்கள். 120 அலகு கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 8 அலகு நாசகாரிகள் 15 வாங்கலாம். ஒவ்வொன்றும் 2க்குள் விழுந்தால் அடிக்கும், ஆக அடிபலம் 30, தாங்கும் அடிகள் 15. அதே காசுக்கு 12 அலகு குரூசர்கள் 10. ஒவ்வொன்றும் 3க்குள் அடிக்கும், அடிபலம் அதே 30, ஆனால் தாங்குவது 10 அடி மட்டுமே. 20 அலகுப் போர்க்கப்பல்கள் 6 வாங்கினால் அடிபலம் 24. ஒவ்வொன்றும் இரண்டு அடி தாங்குவதால் மொத்தம் 12. கண்ணுக்கு அழகான குரூசர்தான் மூன்றிலும் மோசமான வியாபாரம். தாக்குவதற்கு மட்டும் என்றால் 6 அலகு நீர்மூழ்கி எல்லாவற்றையும் வெல்லும்: 20 கப்பல், அடிபலம் 40. தற்காப்பில் அவை பாதிப் பலம்தான். ஆனால் வணிகக் கப்பல் பாதைகளில் நின்று ஜப்பானின் வருமானத்தை அரிக்கும். உண்மையான போரிலும் மூழ்கிய ஜப்பானிய வணிகக் கப்பல்களின் தொன் அளவில் பாதிக்கு மேல் அமெரிக்க நீர்மூழ்கிகளின் கணக்கில்தான் சேர்ந்தது.

இந்த எண்களில் விமானந்தாங்கி பெரிதாகச் சோபிக்காது. ஒரு தாங்கியும் இரண்டு போர்விமானங்களும் 36 அலகு; மூன்று தொகுதி 108. தற்காப்பில் அடிபலம் 30, தாங்குவது 12 அடி. நாசகாரிகளின் கணக்கைவிடச் சற்றே மேல் என்று சொல்லலாம். அதன் பலம் தூரத்தில் இருக்கிறது. கப்பல் 2 கட்டம் நகரும் இடத்தில் விமானம் 4 கட்டம் பறக்கும். எதிரியின் கப்பல் உங்களைத் தொட முடியாத இடத்தில் நின்று நீங்கள் அவனைத் தொடலாம். சுடாமலே எதிரியை விலகி நிற்கச் செய்வதுதான் இந்த ஆட்டத்தில் கடற்படையின் முக்கால்வாசி வேலை.

சமநிலையைப் பற்றிப் பேசுபவர்கள் மறந்துவிடும் இன்னொன்று உண்டு. பலகையில் ஆடும் ஜப்பான் உண்மையான ஜப்பானைவிட மிகவும் கெட்டிக்காரன். தரைப்படையும் கடற்படையும் ஒரே மூளையின் கீழ் இயங்குகின்றன. 1942இல் அப்படி இருக்கவில்லை. இலங்கையைப் பிடிக்கும் யோசனையைக் கடற்படை முன்வைத்தபோது, அதற்கு வேண்டிய படைப்பிரிவுகளைத் தர தரைப்படை மறுத்துவிட்டது. ஆகவே ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் 5 விமானந்தாங்கிகள் வந்து அடித்துவிட்டுத் திரும்பின. ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று கொழும்பு. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கி மூழ்கியது. பிரித்தானியக் கடற்படை ஆபிரிக்கக் கரைவரை பின்வாங்கியது. நம் பலாலி விமானத்தளம் பிறந்ததும் அந்தப் போரில்தான். மார்ச் மாதம் ரங்கூன் விழுந்ததால் பர்மா அரிசி நின்று, சோற்றுப் பானைவரை போர் வந்திருந்தது. பலகையில் திருகோணமலை வெற்றி நகரம் இல்லை. அதை ஒரு வெற்றி நகரமாக்கினால் என்ன நடக்கும் என்று நாங்கள் சிலமுறை ஆடிப் பார்த்தோம். மேற்குப் பக்கம் அளவுக்கு மீறிக் கனத்துவிட்டது. ஜப்பான் அமெரிக்காவைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு மனவருத்தம்தான், ஆனாலும் விதியை விலக்கிக்கொண்டோம்.

எம்பயர் ஒஃப் த சன் படைகளுக்கிடையிலான போட்டியை ஒரு விதியாகவே வைத்திருப்பதை நான் மெச்சுவது இதனால்தான். பசிபிக் 1940இல் அது இல்லை. எல்லாம் தெரிந்த கண்களுடன் உட்காரும் ஜப்பான் மிட்வேக்குப் போய் மாட்டிக்கொள்வதுமில்லை. மிட்வேத் தாக்குதலுக்காக 1942 மே மாதம் யமாட்டோ கப்பலில் ஜப்பானியர் நடத்திய போர் ஒத்திகையைப் பற்றி, அக்காலக் கடற்படை அதிகாரிகள் போருக்குப் பின்னர் எழுதிவைத்திருக்கிறார்கள். பகடை உருட்டியதில் 9 குண்டுகள் பட்டு அக்காகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிகளும் மூழ்கியதாக வந்தது. நடுவராக இருந்த அட்மிரல் உகாகி அதை 3 குண்டுகளாகக் குறைத்தார், அக்காகி தப்பியது. மூழ்கிய காகாவும் அடுத்த கட்ட ஒத்திகையில் மீண்டும் மிதந்தது. மிட்வேயில் அந்த இரண்டுடன் சோர்யூ, ஹிர்யூ ஆகியவையும் அழிந்தன. எங்கள் மேசையில் யாராவது பகடை மேசை விளிம்பில் சாய்ந்து விழுந்தது என்று மீண்டும் உருட்டக் கேட்டால், உகாகி என்று ஒரு சொல் சொல்வோம். கேட்டவர் கையை எடுத்துவிடுவார்.

எல்லாம் தெரிந்த ஜப்பானை எதிர்க்க நேச நாடுகளுக்கு ஒரு கைகொடுப்பு வேண்டியிருக்கிறது. பசிபிக் 1940இன் முதற் பதிப்பு வந்த பின்னர் தொடக்க அமைப்பிலேயே திருத்தங்கள் செய்யப்பட்டு, அவை 2012இல் வந்த இரண்டாம் பதிப்பில் சேர்ந்தன. அதற்கு மேலும் ஆடுபவர்கள் ஏலம் கூறும் வழக்கத்தைக் கைக்கொள்கிறார்கள். ஏலச்சீட்டுப் பிடித்தவர்களுக்கு இது கைவந்த கலை. சீட்டில் கூடிய கழிவு கூறுபவருக்கே அந்த மாதத் தொகை. இங்கே ஜப்பானாக ஆட விரும்புபவர், எதிர்ப்பக்கத்துக்கு இவ்வளவு அலகு விட்டுக்கொடுக்கிறேன் என்று கூறுகிறார். கூடக் கூறுபவருக்கு ஜப்பான். பெட்டிக்குள் இருந்து வராத சமநிலை ஆடுபவர்களின் வாயிலிருந்து வருகிறது. ஆட்டத்தின் பின்னர் முறைப்பாடு சொல்லவும் இடமில்லை. விலையை வைத்தவர் நீங்களே.

எங்கள் விறாந்தையில் ஏலம் 6இல் தொடங்கி இப்போது 12இல் நிற்கிறது. இங்கே எண்ணைவிட இடம் முக்கியம். 12 அலகுக்கு ஜாவாவுக்கு அருகில் இரண்டு நீர்மூழ்கிகள் வைத்தால் ஜப்பானின் படகுகளுக்குக் காவல் கப்பல் தேவைப்படும். தெற்கே இறங்குவது ஒரு சுற்றுத் தாமதமாகலாம். கல்கத்தாவில் நான்கு காலாட்படை வைத்தால் தாமதம் எதுவுமில்லை, ஆனால் கடைசி அடி தாங்கும். நான் நீர்மூழ்கியின் பக்கம். புலிக்கு ஒரு சுற்று தவறினால் அந்த ஒரு சுற்றில் அமெரிக்கர் ஒரு விமானந்தாங்கித் தொகுதியை முழுதாக இறக்கிவிடுவார்கள். தம்பி காலாட்படையின் பக்கம் சாய்ந்துவிட்டான். அந்த இரண்டு பகடைகளையும் அவன் இன்னும் மறக்கவில்லை. இந்தச் சனிக்கிழமை அவன் நேச நாடுகள், நான் ஜப்பான். 13 கூறிப் பார்க்கப்போகிறேன்.